வந்ததெல்லாம் அவர் கொடுத்ததுதானா?

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு வயது 51. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம், சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் 22 வருடம் வேலை பார்த்தேன். போன மாதம் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து எங்கள் பிரிவையே அனுப்பிவிட்டார்கள். இழப்பீடு 11 லட்சம், கிராஜுவிட்டி 5.33 லட்சம், விடுப்புப் பணம் 1.47 லட்சம் கைக்கு வந்துவிட்டது. பி.எஃப். 17.20 லட்சம் இன்னும் எடுக்கவில்லை. ஆக மொத்தம் 35 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 48,000. மனைவி தனியார் பள்ளியில் வாங்குவது 16,000. மகள் பி.எஸ்சி. நர்சிங், இன்னும் இரண்டு வருடம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கட்டணம்.

எங்கள் சபையில் புது மண்டபம் கட்டுகிறார்கள். கமிட்டியில் இருக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து, "முழுத் தொகைக்கும் தசமபாகம், பத்தில் ஒரு பங்கு, மூன்றரை லட்சம், அதை மண்டபத்துக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார். "பார்க்கலாம்" என்றேன், பட்டியலில் பெயரும் தொகையும் எழுதிவிட்டார்கள். ஊரில் இருக்கும் அண்ணன் பழைய வீட்டை எடுத்துக் கட்ட 8 லட்சம் கேட்கிறார். வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அப்பாவுக்கு 79, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சாவி எங்கே, மணி அடிக்க நேரமாகிவிட்டது என்கிறார். அவருடைய பென்ஷன் ஏ.டி.எம். அட்டை அண்ணனிடம் இருக்கிறது.

எல்லாம் கர்த்தருடையது, நாம் அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் வெறும் உக்கிராணக்காரர் என்று போதகர் பிரசங்கித்தார். அப்படியென்றால் வேலை போனதும் அப்பாவின் வியாதியும்கூட அவர் கொடுத்தவைதானே என்று மனைவியிடம் சொன்னேன். கோபப்பட்டுவிட்டாள். எனக்கென்று பணம் எடுத்து வைப்பது அவிசுவாசமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கணக்குப் பார்க்கும் என் தொழில் பழக்கத்தில் தொகைகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி 35 லட்சம் சரியாக வருகிறது. இரண்டாம் முறை வேறொரு விஷயம் உறுத்தியது. பணத்தைப் பற்றி அத்தனை விவரம் எழுதிய நீங்கள், மனைவியின் கோபத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் ஏன் கோபப்பட்டார் என்று ஒரு வரி இல்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், முதலில் பணம், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் ஒருவரிடம் பேசியாக வேண்டும்.

போதகர் சொன்னது சரிதான். பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது என்று 24ஆம் சங்கீதம் தொடங்குகிறது, அதில் விவாதம் இல்லை. ஆனால் எல்லாம் கர்த்தருடையது என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, ஆகவே எல்லாவற்றையும் சபையின் கட்டட நிதியில் போடு என்று முடிப்பது குறுக்குவழி. பணம் எஜமானுடையது என்றால் உங்கள் மகளின் படிப்பும், அப்பாவின் மருந்தும், வீட்டு வாடகையும் அவருடைய காரியங்கள்தானே. உக்கிராணக்காரன் சாவியைக் கையில் வைத்திருப்பது வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வேளாவேளைக்குப் படியளக்கத்தான். கேட்டவர் யார், எவ்வளவு சத்தமாகக் கேட்டார் என்று பார்த்து அள்ளிக் கொடுக்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

இப்போது கணக்கு. மாதச் செலவில் மனைவியின் சம்பளம் போக 32,000 ரூபாய் பள்ளம். பி.எஃப். பணத்தைத் தொடாமல் விட்டால் கையில் இருப்பது 17.80 லட்சம். மகளின் இரண்டு வருடக் கட்டணம் 3 லட்சம் போக மீதி 14.80 லட்சம். மாதம் 32,000 எடுத்தால் ஏறக்குறைய 46 மாதம் ஓடும், வட்டி சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூட. இதே 17.80 லட்சத்தில் மண்டபத்துக்கு மூன்றரை, அண்ணனுக்கு எட்டு என்று கொடுத்தால்? மகள் கட்டணமும் போக 3.30 லட்சம் மிஞ்சும். பத்து மாதம். பதினோராவது மாதம் நீங்கள் யாரிடமாவது கடன் கேட்டு நிற்பீர்கள், அநேகமாக அதே கமிட்டிக்காரரிடம்.

இந்தக் கணக்கைப் போடுவது அவிசுவாசமா என்று கேட்கிறீர்கள். எகிப்தில் யோசேப்பு செய்தது வேறென்ன? ஏழு வருடம் விளைந்தபோது ஐந்தில் ஒரு பங்கைப் பட்டணங்களில் சேர்த்து வைத்தான், அடுத்த ஏழு வருடப் பஞ்சத்துக்காக. அவன் விசுவாசத்தை யாரும் குறை சொன்னதாக நான் படிக்கவில்லை. உங்களுக்கு 51, ஓய்வூதிய வயது 58, இடையில் சரியாக ஏழு வருடம்! களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிய ஐசுவரியவானை இயேசு மதிகேடன் என்று சொல்லும் இடத்தை உங்களிடம் யாராவது காட்டுவார்கள். அந்த ஆள் சேர்த்தது இளைப்பாறு, புசி, குடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்காக. உங்கள் வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டும், அதில் ஒருவர் மணி அடிக்கக் காத்திருக்கிறார்.

தசமபாகத்துக்கு வருகிறேன். நான் தசமபாகத்துக்கு எதிரி இல்லை, என் வீட்டிலும் அது முதல் செலவு. ஆனால் எதற்குப் பத்தில் ஒன்று என்று பார்க்க வேண்டாமா? பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தது. நீங்கள் இத்தனை வருடம் பிடித்தம் போகுமுன் இருந்த மொத்தச் சம்பளத்துக்குத் தசமபாகம் கொடுத்து வந்திருந்தால், அந்தப் பங்குக்கு அன்றே கொடுத்தாகிவிட்டது. இழப்பீட்டுத் தொகையோ இனி வராமல் போகும் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்தது, அதை ஒரே நாளில் வந்த விளைச்சலாக நினைத்தால் தப்புக் கணக்காகிவிடும். என் யோசனை இது: இனி மாதாமாதம் உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் இல்லையா, 32,000 எடுத்தால் 3,200 ரூபாயை அன்றே காணிக்கைக்குத் தனியாக வையுங்கள். மற்ற செலவில் இதற்கு இடம் பிடிக்க வேண்டும், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வேலை கிடைத்துச் சம்பளம் வந்தால் அதற்குத் தக்கபடி கூட்டுங்கள். கட்டாயமாயுமல்ல, விசனமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதில் மனதில் நியமிப்பது உங்கள் வேலை, கமிட்டியின் வேலை இல்லை.

நாசரேத்துப் பக்கம் என்கிறீர்கள், பிடி அரிசி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உலை வைக்க அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவர்கள் 1903இல் தங்கள் சொந்தக் காசிலேயே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள் என்றால், அது யாரோ ஒருவர் ஓய்வுப்பணத்தை மொத்தமாகக் கொட்டியதால் நடந்ததில்லை. அன்றன்று சமைக்கிற அரிசியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பழக்கம் அந்த வீடுகளில் இருந்தது. அந்தப் பாட்டிமாருக்குச் சமைக்க அரிசி இருந்தவரைக்கும் கோயிலுக்கும் ஒரு பிடி இருந்தது. (இங்கே பெங்களூரில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பதையும் பார்க்கிறேன், அது வேறு சந்தோஷம், அதையும் குறை சொல்லவில்லை. எடுத்தவர் அந்தப் பூசணியைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார், அது மூன்று தடவை விலைபோகும்.)

பட்டியலில் உங்கள் பெயரை எழுதியது உங்கள் பொருத்தனை ஆகாது. "பார்க்கலாம்" என்பது தமிழ்நாட்டில் எவ்வளவு தூரம் வாக்குறுதி என்று அந்தக் கமிட்டிக்காரருக்கும் தெரியும். ஆனால் பேசாமல் விட்டால் அது வாக்குறுதியாகிவிடும், பிறகு ஆராதனை முடிந்து வாசலில் நின்று நீங்கள் தலையைக் குனிய வேண்டியிருக்கும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போதகரைத் தனியாகப் பாருங்கள், கமிட்டிக்காரரை அல்ல. "ஐயா, வேலை போய்விட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மண்டபத்துக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும், பட்டியலில் மாற்றிவிடச் சொல்லுங்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள், ஐயாயிரமோ பத்தாயிரமோ. காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம். போதகர் மாற்கு 7ஆம் அதிகாரத்தை உங்களைவிட நன்றாகப் படித்தவர். பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் கொர்பான் என்று, அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அங்கேதான் இருக்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் வருகிறதே, அதுவும் மண்டபச் சுவரில் எழுதப்படாத வசனங்களில் ஒன்று.

வரி, வங்கி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரையும், தனியார் ஊழியர் வேலையை விட்டு விலகும்போது வாங்கும் விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரையும் வரிவிலக்கு உண்டு, உங்களுக்கு அதில் தொல்லை இல்லை. விருப்ப ஓய்வு இழப்பீட்டில், உங்கள் கம்பெனியின் திட்டம் வருமான வரி விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால் 5 லட்சத்துக்கு விலக்கு, மீதி 6 லட்சம் இந்த வருடச் சம்பளத்தோடு சேரும், ஆடிட்டரிடம் காட்டுங்கள். பி.எஃப். பணத்தை அவசரமாக எடுக்கவே வேண்டாம். சந்தா வராவிட்டாலும் 58 வயது வரை வட்டி சேரும், 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். வட்டி 8ஐ ஒட்டியே ஓடினால் உங்கள் 17.20 லட்சம் ஏழு வருடத்தில் 29 லட்சத்தைத் தொடும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம் என்று யாராவது விண்ணப்பத்தை நீட்டுவார்கள், 58க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு என்பதைச் சொல்ல மாட்டார்கள். பொறுங்கள்.

கையில் இருக்கும் பணத்தை ஒரே வங்கியில் குவிக்காதீர்கள், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு. 2020 ஜனவரியில் நம் ஊரின் கூட்டுறவு வங்கி ஒன்றில் 35,000 ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியபோது, ஓய்வுப்பணத்தை முழுவதுமாக அங்கே போட்டிருந்த பெரியவர்கள் பசவனகுடியில் வரிசையில் நின்றார்கள். வட்டி கொஞ்சம் கூட என்று போட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். இன்னொன்று, கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும், ஆனால் கெடுவுக்குள் கேட்க வேண்டும். நாளைக்கே ஹெச்.ஆர். ஆளுக்கு ஃபோன் போடுங்கள். அவர் இன்னும் வேலையில் இருந்தால்.

அண்ணன் விஷயம். இதில் கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும், அண்ணன் தம்பி உறவு கெட்டால் 8 லட்சத்தைவிடப் பெரிய நஷ்டம். வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறார், ஆகவே இன்றைக்கு அது உங்களுக்கும் சொந்தமில்லை, அண்ணனுக்கும் இல்லை. உயில் இல்லாமல் அவர் காலம் முடிந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா இருந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாகப் போகும். அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் அதே அளவு, கிறிஸ்தவக் குடும்பத்தில் ஆணுக்கு ஒரு அளவு பெண்ணுக்கு வேறு அளவு என்று சட்டத்தில் கிடையாது. (உங்கள் கடிதத்தில் சகோதரிகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. இல்லையா, அல்லது எழுதவில்லையா?) அடுத்தவர் பெயரில் இருக்கும் சுவரில் உங்கள் 8 லட்சத்தைப் பூசிவிட்டுப் பிறகு பங்கு பேசினால் அது பஞ்சாயத்தில்தான் முடியும். அப்பாவிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கி ஏதாவது செய்யலாம் என்ற யோசனை ஊரில் கட்டாயம் கிளம்பும். அவருக்குப் புத்தி தெளிவில்லாத நிலையில் எழுதினால் அது செல்லாது, தெளிவாக இருந்தபோது எழுதியதும் புத்தி தப்பினால் செத்துப்போகும், நம் சட்டத்தில் அப்படித்தான். ஆகவே அண்ணனிடம், "இப்போது முடியாது அண்ணே, அப்பா வைத்தியத்துக்கே எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை" என்பதோடு நிறுத்துங்கள், அது உண்மையும்கூட.

அப்புறம் பென்ஷன் அட்டை. அந்தப் பணம் அப்பாவுடையது, அப்பா இருப்பது உங்கள் வீட்டில். இதைக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது கடிதத்தில் அதை எங்கே எழுதினீர்கள் என்பதிலேயே தெரிகிறது, ஒரு பத்தியின் கடைசியில், போகிற போக்கில். கூச்சப்பட வேண்டாம். அண்ணன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஊர்ச் செலவு, வீட்டு வரி, தோட்டக் கூலி என்று ஏதாவது இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் அப்பாவின் மருந்துக்கும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் வரட்டும், ஊர்ச் செலவு என்ன என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள் என்று கேளுங்கள். பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலை முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதைத் தவறவிட்டால் பென்ஷனே நின்றுவிடும். இங்கிருந்தே விரல்ரேகை வைத்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று கொடுக்கவும் வழி உண்டு. தமிழக அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்பதையும் அண்ணனிடம் விசாரியுங்கள்.

இனி நீங்கள் உண்மையாகக் கேட்ட கேள்வி. வேலை போனதும் அப்பாவின் மறதியும் அவர் கொடுத்தவையா?

என் தொழிலுக்கு இதில் அதிகாரம் இல்லை, இருந்தாலும் கேட்டீர்கள், சொல்கிறேன். உக்கிராணக்காரனிடம் எஜமான் கணக்குத்தான் கேட்கிறார். இந்தச் சரக்கு ஏன் வந்தது, யார் அனுப்பினது என்று விளக்கம் சொல்லும்படி வேதத்தில் எங்கும் அவனிடம் கேட்கவில்லை. நன்மையைப் பெற்ற நாம் தீமையையும் பெற வேண்டாமா என்று யோபு சொன்னான், உண்மை. ஆனால் அதைத் தன் உடம்பில் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கம் சொன்ன மூன்று நண்பர்களைத்தான் கர்த்தர் கடைசியில் கோபித்தார்.

உங்கள் வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டுவது யார்? நனைந்த துணியை மாற்றுவது யார்? 4 மணிக்கு அவர் எழுந்தால் கூடவே எழுந்து, பள்ளிக்கூடம் இன்றைக்கு லீவு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, 8 மணிக்குத் தன் பள்ளிக்கு ஓடுவது யார்? நீங்கள் பீன்யாவுக்குப் பஸ் பிடித்துப் போய் வந்த இரண்டு வருடமும் அது உங்களால் முடிந்திருக்காது, அதனால் ஊகிக்கிறேன். உங்கள் மனைவி சுமக்கிறதை நீங்கள் கர்த்தரின் ஈவு என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? நானாக இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன். அவர் மறுத்தது உங்கள் விசுவாசத்தை என்று நினைக்காதீர்கள்.

வேலை போனதில் உங்கள் கைக்கு வந்த முதல் சொத்து 35 லட்சம் இல்லை, காலை 7 முதல் மாலை 7 வரைக்கும் உள்ள நேரம். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பீன்யாவுக்குப் போய் வந்த பஸ் நேரமே ஒரு நாளில் எவ்வளவு! நாளைக் காலையிலிருந்து அப்பாவைக் குளிப்பாட்டுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் பெரிதாக அறிவிக்க வேண்டாம், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனால் போதும். முதலில் உங்கள் கைக்கு அப்பா இடம் கொடுக்கமாட்டார், மகன் முன்னால் உடுப்பைக் களைய ஒரு தலைமை ஆசிரியருக்கு வெட்கமாக இருக்கும். வெந்நீரை முதலில் காலில் ஊற்றுங்கள், மேல்துண்டோடே குளிக்க விடுங்கள், பழைய மாணவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டே ஊற்றுங்கள். நேற்று நடந்தது போயிருக்கும், 1975இல் ஐந்தாம் வகுப்பில் யார் முதல் மார்க் என்பது இருக்கும். சாவி கேட்டால் இல்லை என்று வாதாடாதீர்கள். பழைய பூட்டுச் சாவிகள் நான்கைந்தை வளையத்தில் கோத்து அவர் தலைமாட்டில் வைத்துவிடுங்கள், கையில் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிடுவார் என்று இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சொல்வார்கள். சட்டைப் பையில் உங்கள் ஃபோன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும், வெளிக்கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்.

அவரை எந்த மருத்துவரிடமாவது காட்டினீர்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. வயதானால் மறதி வரும்தானே என்று விட்டுவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் இப்படி ஆகும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது. திடீரென்று ஒரே வாரத்தில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம். நாட்டிலேயே இதற்குப் பேர் பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டில் இருக்கும்போது, லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இது தேவன் கொடுத்ததா என்று யோசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் இருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

வேலையைப் பற்றியும் ஒன்று. லூக்கா 16இல் வருகிற அந்த அநீதியுள்ள உக்கிராணக்காரனைப் போதகர் உங்களுக்குச் சொன்னாரா தெரியவில்லை. அவனும் வேலை போனவன்தான். மண்வெட்டப் பலமில்லை, பிச்சை எடுக்க வெட்கம் என்று புலம்பினவன், புலம்பிக்கொண்டே இருக்காமல் உட்கார்ந்து யோசித்து, எண்ணெய் பாக்கி வைத்தவனையும் கோதுமை பாக்கி வைத்தவனையும் கூப்பிட்டுப் பேசினான். அவன் செய்த தில்லுமுல்லு வேண்டாம், ஆனால் எஜமான் மெச்சியது அவன் சமயோசிதத்தை. உங்களுக்கு 22 வருட டூல்ரூம் அனுபவம். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் உள்ள சின்னப் பட்டறைகளுக்கு முழுநேர ஆளை வைக்கக் கட்டாது, வாரத்தில் இரண்டு நாள் வந்து அச்சைச் சரிபார்த்துக் கொடுக்கிற கை கிடைத்தால் விடமாட்டார்கள். பயிற்சி நிலையங்களில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் தேடுவார்கள். மாதம் 15,000 வந்தாலே மேலே போட்ட 46 மாதக் கணக்கு ஏழு வருடத்துக்கு நீண்டுவிடும். கூட வேலை பார்த்தவர் யாராவது "சேர்ந்து ஒரு யூனிட் போடுவோம், ஆளுக்குப் பத்து லட்சம்" என்று வந்தால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள், அதற்குள் அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

மகளின் 3 லட்சத்தை இந்த வாரமே தனி வைப்பில் போடுங்கள். பி.எஃப். கணக்கில் வாரிசாக மனைவி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், கல்யாணத்துக்கு முன் சேர்ந்த வேலை என்றால் இன்னும் அப்பா அம்மா பெயரிலேயே கிடக்கும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், எழுதும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், 16,000 கொண்டுவருகிறவருக்கு 17.80 லட்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நிம்ஹான்ஸில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சகோதரிகள் உண்டா என்பதையும்.